சரோஜா பேர்ல ஒரு பாக்காவ் கன்னு

ஞாயித்துக்கிழமை, ராத்திரி

வெக்கத்தை விட்டு எழுதுறேன். பதினேழு வருஷம் வடை சுட்ட கடற்கரைக்கே இன்னிக்கு டூரிஸ்ட் மாதிரி போனேன். பசுமைச் சுற்றுலான்னு எங்க கடைங்களை எடுத்ததிலேருந்து பேச்சுத் துணைக்கு ஆளில்லை. பக்கத்துக் கடை சரோஜாவும் செந்தூல்ல மக வீட்டுக்குப் போயிட்டா.

கோலாலம்பூர்க் கூட்டத்தோட சேத்துல இறங்கி பாக்காவ் கன்னு, அதான் அலையாத்திக் கன்னு, நட்டேன்.

"ஆன்டி, இங்க ஃபர்ஸ்ட் டைமா?"ன்னு கைடு பொண்ணு கேட்டா.

"ஆமா லா. இங்க வடை கிடைக்குமா?"

"இல்ல ஆன்டி. முன்ன யாரோ வித்தாங்களாம்."

நல்லாச் சிரிச்சேன். அவளுக்கு ஏன்னு தெரியல.

கன்னுல நட்டவங்க பேரைக் கட்டணும். சரோஜான்னு எழுதிக் கட்டினேன். எழுந்தப்போ கன்னு நேரா நின்னுச்சு. வலது செருப்பு சேத்துக்குள்ள போயிடுச்சு. இடதை மட்டும் போட்டுக்கிட்டு கிள்ளான் பஸ் ஏறினேன்.