கலைவாணியைத் திரும்பக் கூப்பிடும்வரை

மழை விடவில்லை. பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டைகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போட்டிருக்கிறேன். புகையும் வியர்வையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நினைப்பு என்ன, கோபம்தான். இந்த நேரம் பார்த்தா நீ செத்துப்போக வேண்டும்?

கொழும்புக் கூடைப்பந்துக் கழகம் ஒன்றுக்கு மஸ்கெலியாவில் ஓர் இரண்டாம் அணி வைப்போம் என்று நீதானடி தொடங்கினாய். பகலெல்லாம் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டிவிட்டு, சாயந்தரம் என் தையல் கடையில் உட்கார்ந்து அந்தக் கொழும்புக் கழகத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதினாய். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இங்கே ஆடித் தேறவேண்டும். தேறியவளைக் கழகம் தன் பெரிய அணிக்கு எடுக்கவேண்டும். அங்கே ஆட இடம் கிடைக்காதபோது இங்கே வந்து ஆடிவிட்டு, அவள் மறுபடி போகவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் நீ இம்மிகூட இறங்கவில்லை. "பெஞ்சுல குந்த வச்சா புள்ள வீணாப்போயிரும்டி" என்பாய். அவர்களும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

முதலில் திரும்பி வந்தவள் கலைவாணி. கொழும்புக்குப் போனவர்கள் பையோடு திரும்பினால் வேலை போய்விட்டது என்றுதானே நம் லயத்து வீடுகளில் அர்த்தம்? அவள் அம்மா ஒப்பாரியே வைத்துவிட்டாள். அப்பா மறுநாளே மகளுக்குக் கொழுந்தெடுக்கப் பெயர் பதியக் கிளம்பினார். நீ வாசலில் மறித்து நின்றாய்.

"யாரும் தொரத்தலண்ணே! ஆடத்தான் வந்திருக்கா. திரும்பக் கூப்புடுவாங்க. நான் சொல்றேன்ல!"

கூப்பிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற வீடுகளும் பெண்களை அனுப்பச் சம்மதித்தன.

இப்போது கேள். நீ போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. கலைவாணியை மறுபடி இங்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், கையில் ஒரு கடிதத்தோடு. திருப்பி அனுப்பப்படுகிறவர் இனிமேல் அழைக்கப்படமாட்டாராம். அதே கடிதத்தில், உயரமான பெண்கள் இரண்டு பேர் உடனே வேண்டுமாம்! என்ன நெஞ்சழுத்தம் பார். கழகச் செயலாளரை டெலிபோனில் பிடித்து ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்தேன்.

"அதெல்லாம் அவங்களோட பேசினது மிஸ்" என்றார்.

செத்தவளோடு பேசிய பேச்சு செத்துப்போகுமா? வெட்கங்கெட்டவர்கள்.

கலைவாணியின் அப்பா கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "அந்தப் புள்ள இருந்தா இப்ப என்னம்மா சொல்லும்?" என்று மட்டும் கேட்டார். அவர் போனதும் உட்கார்ந்து பதில் எழுதினேன்: கலைவாணியைத் திரும்பக் கூப்பிடும்வரை மஸ்கெலியாவிலிருந்து ஒருத்தியும் வரமாட்டாள். அன்றைக்கே தபாலில் போட்டாயிற்று.

அவர்கள் கேட்ட உயரத்துக்கு இங்கே இருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி என் மகள். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சோற்றைக்கூட அவளே போட்டுக்கொள்கிறாள். அவள் கோபத்தில் பிழை இல்லை. நீ கொடுத்த வாக்கை நான் காப்பாற்றுகிறேனடி. அதற்காக என் பிள்ளை வீட்டில் குந்தியிருக்கிறாள்.