பாதம் பார்க்காத வாரங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டேன். நீ பயப்படாமல் கடைசி வரை படி. அம்மா நினைவோடு, பேச்சோடு, என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அவளுடைய வலது கால் சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் ஆராய்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எழுதப் பார்த்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். பிரிக்க வரவில்லை.

ஆஸ்பத்திரியில், கட்டு மாற்றும் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா உள்ளே இருக்கிறாள். போனில் சொல்லலாம் என்றால், நம் வீட்டில் இருக்கிற ஒரே போன் அவள் கையில். நீ கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். நான் ம், ஆமா, சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அம்மா பார்க்காவிட்டாலும் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் வரும். முடித்ததும் இங்குள்ள நர்சம்மா தன் செல்லில் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நானே கூப்பிட்டுச் சொல்லிடவா பாப்பா என்றும் கேட்டார். இதில் என் தப்பு நிறைய இருக்கிறது, நானே எழுதுகிறேன் என்றேன்.

நீ கிளம்புவதற்கு முன் பன்னிரண்டு மஞ்சள் நோட்டும் பன்னிரண்டு சர்க்கரை பார்க்கும் மெஷினும் வாங்கிக் கொடுத்தாய். நம் தெருவில் சர்க்கரை வியாதி இருக்கிற பதினொரு வீடு, பன்னிரண்டாவது நம் வீடு. நாள்பட்ட வியாதிக்காரர்களை யாராவது வாரம் ஒரு தடவை வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதி வைத்தாலே வியாதி கட்டுக்குள் நிற்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறையும், அதைத்தான் நான் நிரூபிக்கப் போறேன் என்றாய். அந்த யாராவது நான்தான். படிப்பை விட்டு வீட்டில் இருக்கிறவளுக்கு இதுவும் ஒரு வேலை என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாய். முதல் வரியே, மெஷினில் வரும் எண்ணை உன் கண்ணால் பார்த்து எழுது என்பதுதான். அக்கா, நான் ஒரு வீட்டிலும் அப்படிச் செய்யவில்லை. வாசலில் நின்று, இந்த வாரம் எவ்வளவு என்று கேட்பேன். அவர்கள் உள்ளேயிருந்து சொல்வார்கள். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். பெரியவர்களிடம் போய், மெஷினைக் காட்டுங்கள் என்று கேட்பது, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி இருந்தது. எனக்கு அந்த வாய் இல்லை.

எண்கள் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தன. நானும் நம்பினேன். உன் பேராசிரியர் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார் என்று நீ போனில் சிரித்தாயே, அன்று முழுக்க வீட்டு வேலை எதுவும் எனக்குப் பாரமாகவே இல்லை.

போன வாரம் டிரைவர் பெரியப்பாவின் மெஷின் நின்றுவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தெருவில் எல்லோரும் ஹாரன் என்பார்களே, அவர்தான். பேட்டரி போட வாட்ச் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் போட்டுவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதோ பொத்தானை அழுத்திக்கொண்டே போனார். தேதியோடு பழைய எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. முந்நூற்றுப் பத்து. இருநூற்று எண்பத்தெட்டு. முந்நூற்று நாற்பது. யாரும்மா இது, இவ்வளவு சர்க்கரையோட நடமாடறாரு என்று கேட்டார். என் நோட்டில் அதே தேதிகளுக்கு நூற்றிருபது, நூற்று முப்பது என்று இருந்தது.

பெரியப்பாவிடம் மெஷினை நீட்டிக்கொண்டு நின்றேன். அவரே புரிந்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். உங்கக்கா பரீட்சை எழுதறா, அந்தப் பரீட்சையே எங்க சர்க்கரைதான், நாங்க பெயிலானா அந்தப் பொண்ணும் பெயில், அதான் ஒரு கை கொடுத்தேன் என்றார். அவர் மட்டும் இல்லையாம். கீழ்வீட்டு அத்தைதான் முதலில் ஆரம்பித்திருக்கிறாள். குழாயடியில் நின்று எல்லோரிடமும், நம்ம தெருப் பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கணும், யாரும் கூடக்குறைய சொல்லிக் கெடுத்துடாதீங்க என்றாளாம். அதன்பிறகு இந்த வாரம் நீங்க எவ்வளவு சொல்லப் போறீங்க என்று ஒருவரையொருவர் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே அளவு சொன்னால் சந்தேகம் வரும் என்று தையல்காரர் மாமா மட்டும் நடுநடுவே பத்து இருபது ஏற்றிச் சொன்னாராம். அதை அவர் பெருமையாக என்னிடம் சொன்னபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் எல்லா வீட்டுக்கும் போனேன். முதல் தடவையாக, மெஷினைக் காட்டுங்க என்று கேட்டேன். ஏழு வீட்டில் பொய். மூன்று வீட்டில் பாதிப் பொய். உண்மை சொன்னது ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர்தான். முதல் வாரத்திலிருந்தே அவருடைய எண்கள் மோசமாகத்தான் இருந்தன. என்னால உங்கக்காவுக்கு மார்க் குறையுமா, வேணும்னா என் நோட்டைக் கிழிச்சுடு, ஆனா தப்பான எண்ணை மட்டும் எழுதச் சொல்லாதே என்றார். டீச்சரம்மாவின் கணக்கு மட்டும் ஒட்டவில்லை, அதை ஒதுக்கிவிடலாமா என்று உன் பேராசிரியர் கேட்டதாகச் சொன்னாய் அல்லவா. ஒதுக்காதே அக்கா. நம் தெருவில் அது ஒன்றுதான் சரி.

நம் வீட்டுக்குக் கடைசியாக வந்தேன். வேண்டுமென்றேதான் கடைசியாக வைத்துக்கொண்டேன். அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவள் அலமாரியிலிருந்து மெஷினை எடுத்தேன். எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. தனித்தாளில் இருக்கிறது. அவள் எப்போதும் அறையிலிருந்தபடி, நூத்தி இருபத்தஞ்சு, எழுதிக்கோ என்பாள். நான் அடுப்படியிலிருந்தே எழுதிக்கொள்வேன்.

குளித்துவிட்டு வந்தவள் வழக்கம்போல உடனே காலுறையை மாட்டப் போனாள். மூன்று மாதமாக வீட்டுக்குள்ளும் காலுறைதான். தரை ஜில்லுனு இருக்கு என்பாள். அன்று நான் கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். விடுடி, என்ன புதுசா என்றாள். விடவில்லை. பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்திருந்தது. அடியில் ஒரு புண், சுண்டுவிரல் நுனி போகிற அளவு. அவளுக்கு வலியே தெரியவில்லையாம். செருப்பு கடிச்சது, தானா ஆறிடும் என்றாள்.

நோட்டில் ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டம் இருக்கும், பாதம் பார்த்தேன் என்று. முப்பத்துநான்கு வாரம், முப்பத்துநான்கு டிக் போட்டிருக்கிறேன். ஒரு வாரம்கூடப் பார்க்கவில்லை. பார்க்கவாம்மா என்று கேட்பேன், எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கோ என்பாள், போட்டுக்கொள்வேன். மற்றவர்கள் உனக்காகப் பொய் சொன்னார்கள். நான் யாருக்காகச் சொன்னேன் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். அடுப்பில் ஏதாவது இருந்திருக்கும். அவ்வளவுதான் காரணம்.

இன்னொரு கட்டத்திலும் பொய் எழுதினேன். பராமரிப்பவருக்குக் களைப்பு உண்டா, இல்லை, கொஞ்சம், அதிகம் என்று கேட்டிருந்தாய். எல்லா வாரமும் இல்லை என்றே போட்டேன். அதையும் திருத்திக்கொள். எது என்று நான் சொல்ல வேண்டாம்.

ஐந்து நாளாக இங்கே வந்து கட்டு மாற்றுகிறோம், மருந்தும் ஏற்றுகிறார்கள். இன்று காலை டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். இப்ப எடுத்தா ஒரு விரலோட நிக்கும், அடுத்த வாரம் வந்தீங்கன்னா பாதத்தைப் பத்திப் பேச வேண்டியிருக்கும் என்று அம்மாவிடம் நேராகவே சொன்னார். நாளை மதியம் செய்துவிடலாம், இன்றைக்கே சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். அம்மா மாட்டேன் என்கிறாள். திங்கட்கிழமை என் மூத்தவ புத்தகத்தைக் கொடுக்கறா, அதுவரைக்கும் இந்த விரல் எங்கேயும் ஓடிடாது, செவ்வாய்க்கிழமை வரேன் என்று உன் ஆய்வேட்டைச் சொல்லி டாக்டரிடமே பேரம் பேசினாள். உனக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயம். உன்னிடம் சொன்னால் என்னோடு பேசவே மாட்டாளாம். நான் கையெழுத்துப் போடவா என்று கேட்டுப் பார்த்தேன். சுயநினைவோட இருக்காங்க, அவங்கதான் போடணும், அதுவும் இல்லாம உனக்குப் பதினெட்டு ஆகலையே என்று சேர்க்கைச் சீட்டு எழுதுகிறவர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு மெஷினிலிருந்தும் உண்மையான எண்களைத் தேதியோடு எடுத்து எழுதிவிட்டேன். பதினாறு பக்கம் வந்திருக்கிறது. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் எழுதினேன். டீச்சரம்மா கூட உட்கார்ந்து சரிபார்த்தார். அதையும் நர்சம்மா அனுப்புவார். அதை வைத்துத் திங்கட்கிழமைக்குள் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை மூன்று வருஷமும் வீணா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது. நன்றி சொல்லும் பக்கத்தில் முதல் ஆளாக என்னை எழுதியிருப்பதாகச் சொன்னாய். அதை எடுத்துவிடு. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

தெருக்காரர்கள் மேல் கோபப்படாதே. அம்மா காலைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து ஹாரன் பெரியப்பா சத்தமே இல்லாமல் இருக்கிறார். கீழ்வீட்டு அத்தை மூன்று தடவை வந்து, உங்கக்கா என்னைத் திட்டுவாளா என்று கேட்டுவிட்டுப் போனாள். யாரையாவது திட்டியாக வேண்டும் என்றால் என்னைத் திட்டு. அம்மாவை வேண்டாம்.

கதவு திறக்கிறது, அம்மா வரப்போகிறாள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீ வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. இதைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிடு. உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல். தெரிந்தபிறகு மறைக்க அவளுக்கு ஒன்றும் இருக்காது, கையெழுத்துப் போட்டுவிடுவாள். உன் பேச்சை அவள் தட்டியதில்லை. சாயங்காலம் ஐந்து மணிவரை படுக்கை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன் அவள் மடியிலேயே இருக்கும். பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல். இந்தத் தடவை நான் ம் மட்டும் சொல்ல மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை