ஆஸ்பத்திரிக்கு வந்த ஆடு

அன்புள்ள அக்கா,

உங்கள் கோணக்கொம்பு ஆட்டின் குட்டி இன்று காலை என் பதிவேட்டின் ஓரத்தைத் தின்றுவிட்டது. மலைக்குக் கீழே வடக்கனந்தலில், எங்கள் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தில் அதைக் கட்டியிருக்கிறேன். "மலை ஆட்டுக்கு இங்க இன்னா வேல?" என்று அம்மா நாலு நாளாகக் கேட்கிறாள். தாளைக் குட்டியின் வாயிலிருந்து இழுத்தபோது கையெல்லாம் ஆட்டு வாடை. உங்கள் புடவையிலும் அதே வாடைதான் இருக்கும். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது.

நான் முதன்முதலாக மலைக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மழையில் ஓடை பெருகினால் ஜீப் இறங்காது. அதனால் நிறைமாதப் பெண்களை இரண்டு வாரம் முன்பே அடிவாரத்து ஆஸ்பத்திரியில் வந்து தங்கச் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் ஒரு வாசலில் நின்று ஆளைக் கூப்பிடக் குரல் வராது. குனிந்த தலையோடு துண்டறிக்கையைப் படித்துவிட்டு ஓடிவிடுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருத்தியும் வரமாட்டாள். ஒருநாள் தழை ஒடித்துக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "முடிச்சிட்டியா பொண்ணு? இன்னொரு தரம் படி, ஆடுங்களும் கேக்கட்டும்." தெருவே சிரித்தது. அன்று உங்களை எனக்குப் பிடிக்கவில்லை.

பூங்கொடிக்கு அப்போது ஒன்பதாவது மாதம். முந்தைய மழையில், ஓடைக்கரையில் ஜீப் நின்றுபோய், முதல் குழந்தையை இழந்தவள். கணவன் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தான். மாமியாரால் நடக்க முடியாது. ஆபத்துகளை ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல, அவள் பட்டியில் நின்ற ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாக வந்த நீங்கள் நின்று என்னிடம் சொன்னீர்கள்:

"அதுங்கிட்ட பயத்த சொல்லாத. பயம் அதுக்கு உன்ன விட ஜாஸ்தி." பிறகு அவளிடம், "ஆடு எத்தன?"

"ஆறுக்கா."

"என்னுது பதினொண்ணோட ஓட்டிக்கினு போறேன். மாமியாளுக்கு எதிர் வூட்ல கஞ்சி ஊத்துவாங்க. கெளம்பு."

மறுநாள் அவள் இறங்கிவிட்டாள். என் பதிவேட்டில் விழுந்த முதல் பெயர் அவளுடையது.

அடுத்த வாரம் நான் வந்தபோது இன்னும் இரண்டு வீட்டில் ஆட்டுக்கு ஆள் கிடைக்குமா என்று விசாரித்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் வயலோரம் உங்களை நிறுத்திப் பேசினேன். நான் அவ்வளவு பேசி நீங்கள் பார்த்ததே இல்லை. நாம் திரும்பிப் பார்த்தபோது பூங்கொடியின் பால் ஆடு மரவள்ளிக்குள் நின்று இளந்தழையைத் தின்றுகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனது.

"பிரசவம் ஆகட்டும் அக்கா, அப்புறம் சொல்லலாம்" என்று கெஞ்சினேன். கேள்விப்பட்டால் அவள் மலைக்கே திரும்பிவிடுவாள் என்ற பயம். ஓடை எந்த நாளும் பெருகலாம்.

"நாளைக்கி ஜீப்புல எவனாவது சொல்லுவான். அப்புறம் இந்த மலையில எவ நம்பி ஆட்ட உடுவா?" என்றீர்கள்.

விடிந்ததும் உங்கள் பட்டியிலேயே நல்ல ஆடான கோணக்கொம்பை ஜீப்பில் ஏற்றினீர்கள். நானும் கூட வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார்.

"யம்மா, இது இன்னா மாட்டாஸ்பத்திரியா?"

"ஆட்டுக்கு ஒண்ணும் நோவு இல்லய்யா. அது மொதலாளியம்மாவ பாக்க வந்துகீது."

சுற்றிக்கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். பூங்கொடி கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். "உன் பால் ஆடு செத்துப்போச்சு. மரவள்ளி தின்னுடுச்சு. என் கண்ணு தப்பிடுச்சு. இது செனை ஆடு, இனிமே உன்னுது" என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். பேச்சுக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

அவள் அழுதாள். பக்கத்துக் கட்டில் பெண்களும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கொம்பு கோணலா இருக்குதே" என்றாள்.

"கொம்புலயாடி பால் கறக்கப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மலைக்குத் திரும்பவில்லை. நான்காம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அன்று கொட்டிய மழையில் ஓடையில் ஜீப் இறங்கவில்லை.

அதன்பின் நான் துண்டறிக்கையைப் படிப்பதில்லை. பெயரை எழுதும் முன்பு, "நீங்க கீழ வந்துட்டா இங்க எது நின்னுபோவும்?" என்று கேட்கிறேன். ஒரு வீட்டில் அடைக்கு வைத்த கோழி. இன்னொரு வீட்டில் கதிர் வந்த சாமைக்குக் கிளி விரட்ட ஆளில்லை. தெருவில் யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

நெஞ்சுவலி என்று உங்களைக் கீழே கொண்டுபோன மறுநாள், நீங்கள் இல்லை என்ற செய்தியோடு நான் மேலே ஏறினேன். உங்கள் ஆடுகள் பட்டியில் பசியோடு கத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். பட்டி காலியாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒன்றும் இரண்டுமாக உங்கள் ஆடுகள் தழை மென்றுகொண்டிருந்தன. யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அங்கே உட்கார்ந்துதான் நான் அழுதேன்.

பூங்கொடி மறுபடி நிறைமாதம். நாலு நாளைக்கு முன்பு நான் கேட்பதற்கு முன்பே, "எல்லாத்துக்கும் ஆள் சொல்லிட்டேன். இந்தக் குட்டிய மட்டும் நீ பாத்துக்க" என்றாள்.

"நானா?"

"பின்ன? அக்காவுக்குப் பேச்சுக் குடுத்து என் ஆட்ட சாவடிச்சது நீதான? ஜன்னலுகிட்ட நின்னியே, உன் மூஞ்சியே சொல்லிச்சு." சிரித்துக்கொண்டே கயிற்றை என் கையில் வைத்தாள்.

எங்கள் கொல்லைக்கு அப்பாலும் மரவள்ளிதான், அக்கா. சாயங்காலம் குட்டியை வெளியே கூட்டிப்போனால் தெருவில் எல்லோரும் நிறுத்திப் பேசுகிறார்கள். நானும் இப்போது நன்றாகவே பேசுகிறேன். கயிற்றை மட்டும் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன்.