இனிஷியல் இல்லாத பெயர்

3 ஜூன் 2025, செவ்வாய்
காலை ஷிப்டில் நான் எழுதிய வருகைப்பதிவு ஆப் மறுபடி படுத்துவிட்டது. கிருஷ்ணகிரி ரோடு கம்பெனி கேட்டில் இருநூறு பேர் வருகை போட முடியாமல் நின்றார்களாம். அங்கே எச்.ஆர். முனிராஜ் சார் போனில் கத்தினார். செர்வர் கிளவுடில் எங்கோ இருக்கிறது. நான் எங்கள் ஓசூர் ஆபீசில் உட்கார்ந்து ரீஸ்டார்ட் அடித்தபடியே, "பேர் ஏத்தற உங்க ஆபரேட்டர் எதையோ தப்பா அடிக்கறாங்க சார்" என்றேன். என்ன நடந்தது என்று பதிவாகியிருக்கும் லாக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

4 ஜூன்
ஐந்து தடவை விழுந்தது.

5 ஜூன்
இன்று விழவே இல்லை. ஆபரேட்டர் மாதேஸ்வரியைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்களாம். "நீ சொன்னது கரெக்ட்டும்மா ஜெசி" என்று முனிராஜ் சாரின் பாராட்டு வேறு.

6 ஜூன்
ரிப்போர்ட் எழுத இன்றுதான் லாக்கைத் திறந்தேன். ஐயோ. விழுந்தபோதெல்லாம் மாதேஸ்வரி ஏற்றப் பார்த்தது ஒரே பெயர் — நாராயணம்மா. நாட்றாம்பாளையத்திலிருந்து புதிதாகச் சேர்ந்தவர். இனிஷியல் கிடையாது. பெயரில் புள்ளிக்கு முன்னால் இருக்கிற எழுத்தை எடு என்று கோடு எழுதியது நான். புள்ளியே இல்லாவிட்டால்? யோசிக்கவில்லை. பிழை வந்தால் பிடித்து நிறுத்த ஒரு வரிகூட வைக்கவில்லை. அதனால்தான் ஒரு பெயருக்கு மொத்த ஆப்பும் சாய்ந்திருக்கிறது.

பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். மாதேஸ்வரிக்குப் போன் போட்டேன். "இனிஷியல் இல்லன்னா மத்த ஆபரேட்டருங்க ஏதோ ஒரு எழுத்தைப் போட்டு உள்ள தள்ளிடுவாங்க மேடம். இப்ப என் சீட்டுக்கு வந்த பொண்ணும் நாராயணம்மாவுக்கு 'ஏ' போட்டிருக்கு. ஆதார்ல இல்லாதத நான் எப்படி போடறது?"

தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

9 ஜூன்
எங்கள் ஓனர் வெஸ்லின் அண்ணனிடம் சொன்னேன். "சரி பண்ணிட்டல்ல, விடும்மா. நாமளே போய் ஒத்துக்கிட்டா கான்ட்ராக்ட் போயிடும்." தலையாட்டிவிட்டு வந்தேன். சீ, நானெல்லாம்!

10 ஜூன்
ஒழுங்காக வேலை செய்தவரை அல்லவா தள்ளிவிட்டேன்?

11 ஜூன்
முனிராஜ் சாருக்கு மெயில் போய்விட்டது. தப்பு என் கோடில், மாதேஸ்வரி மேல் இல்லை என்று எழுதினேன். வெஸ்லின் அண்ணன் என்னிடம் பேசவில்லை.

16 ஜூன், திங்கள்
மாதேஸ்வரி பழைய சீட்டுக்கே வந்துவிட்டார். காலை ஆறுக்குப் போன்.

"மேடம், நாராயணம்மா பேர்ல அந்த 'ஏ'வ எடுத்துடவா?"

"எடுங்க. தப்பு என்னுதுங்க. மன்னிச்சிடுங்க."

"அது பரவால்ல மேடம். நீங்க லைன்லயே இருங்க. மறுபடி விழுந்துட்டா என்னைத்தான் சொல்வாங்க."

லைனிலேயே இருந்தேன். கீபோர்டு சத்தம் கேட்டது — ஒவ்வொரு எழுத்தாக, பயந்து பயந்து.