ஆகஸ்டில் அளந்த அலைவரிசை

2006 செப்டம்பர் 12, செவ்வாய்

டாக்ஸி நிறுவனத்தின் ரேடியோ உரிமம் இன்று கையெழுத்தாகிப் போய்விட்டது. ஒரே ஒரு அலைவரிசை. ஆறு பேர் போட்டி. துறைமுகக் காவல் நிறுவனம், இரண்டு தனியார் ஆம்புலன்ஸ், ஒரு ஹோட்டல் குழு, சிமெண்ட் ஆலை, பிறகு இந்த டாக்ஸிக்காரர்கள். தூனிஸ் நகரத்தில் தெருக்களைவிட ஆகாயம்தான் நெரிசல். ராணுவம் பெரிய துண்டை எடுத்துக்கொள்ளும். விமான நிலையத்துக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று. கடலுக்கு அந்தப் பக்கம் சிசிலிக்காரர்களோடு உரசாமலிருக்கக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். மிச்சமிருப்பதை அரசின் அலைவரிசை அலுவலகத்தில் எங்கள் பிரிவு பங்கு போடுகிறது.

நூற்று எழுபத்து மூன்று மெகாஹெர்ட்ஸில் ஒரு துண்டு காலியாகக் கிடப்பதைக் கண்டுபிடித்தது நான்தான். ஆகஸ்டில், வானலைகளைப் பிடித்துக் கேட்கும் அளவை வண்டியை அனுப்பி இரண்டு வாரம் கேட்க வைத்தேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. முதலில் விண்ணப்பித்தவர்கள் டாக்ஸிக்காரர்கள், அவர்களுக்கே கொடுத்தோம்.

இயக்குநர் ஸி ஹமாதி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ரவுதாவ விட்டா வெறும் காத்துலயே மனை பிரிச்சு வித்துடுவா."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

செப்டம்பர் 19, செவ்வாய்

துறைமுகப் புறநகர் ஹல்குல்வாதியிலிருந்து ஒரு தொலைபேசி. செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் பள்ளித் தலைமையாசிரியை, மதாம் ஜலீலா.

"மதாம், எங்க பிள்ளைங்க காதுல டாக்ஸி ஓடுது."

சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. படிவத்தில் எழுதி அனுப்பும்படி சொன்னேன்.

"எத்தன நாளாகும்?"

"இருபத்தொரு வேலை நாள்."

"அதுவரைக்கும் பிள்ளைங்க என்ன பண்ணும்?"

விதி அப்படித்தான் என்றேன். வேறென்ன சொல்வது?

செப்டம்பர் 22, வெள்ளி

ஹல்குல்வாதி புகார் வந்தது. கோப்புத் தட்டில் வைத்தேன். ஞாயிறு முதல் நோன்பு. அதற்குள் முடிக்க வேண்டிய கோப்புகள் பதினொன்று.

செப்டம்பர் 27, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

காலை பத்தரைக்கு மதாம் ஜலீலா கூப்பிட்டார். "நீங்க இங்க வாங்க. இப்பவே." அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குரலுக்குப் படிவம் நீட்ட முடியவில்லை. அளவை வண்டி ஓட்டும் பெஷீரை அழைத்துக்கொண்டு போனேன்.

வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். ஒவ்வொருவர் மார்பிலும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து காதுக் கருவிக்கு ஒயர். ஆசிரியை கழுத்தில் ஒலிவாங்கி. அவர் பேசுவது நேராகப் பிள்ளைகளின் காதில் போய் விழும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெல்ஜிய அறக்கட்டளை கொடுத்த அன்பளிப்பாம். மருத்துவச் சாமான் என்று சுங்கத்தைத் தாண்டியிருக்கிறது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் பதிவேட்டில் இல்லை.

மதாம் ஜலீலா ஒரு பெட்டியின் ஒயரை என் காதில் பொருத்தினார். ஆசிரியை பாடம் சொன்னார், தெளிவாகக் கேட்டது. திடீரென்று அவர் வாய் அசைந்துகொண்டே இருக்க, என் காதில் ஒரு ஆண் குரல்: "க்ராம் மார்க்கெட் தாண்டிட்டேன், அந்தக் கிழவனுக்குப் பொறுமையே கிடையாதுப்பா..."

நூற்று எழுபத்து மூன்று. நான் கொடுத்த அலைவரிசை.

எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வலுவான குரல் ஒன்று வந்தால், கருவி மெல்லிய குரலை அப்படியே விழுங்கிவிடும். பள்ளி வாசலில் ஒரு டாக்ஸி நின்று பேசினால் ஆசிரியை அந்த வகுப்பிலேயே இல்லாத மாதிரி.

"இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" என்றேன்.

"இல்ல," என்றார்.

காலை ஒன்பதேகாலுக்கு ஒரு டாக்ஸி வாசலில் நின்று பேசியிருக்கிறது. "சீக்கிரம் வெளிய வரச் சொல்லு, வாசல்லயே நிக்கிறேன்." யுஸ்ரா என்று ஒரு பிள்ளை, எட்டு வயது. அப்பா இத்தாலியில் மீன்பிடிப் படகில் வேலை, பெருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவள் எழுந்து கழிப்பறைக்குப் போவதாகச் சைகை காட்டியிருக்கிறாள். வாசலுக்கு ஓடியிருக்கிறாள். அதற்குள் டாக்ஸி ஆளை ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டது. மஞ்சள் வண்டிக்குப் பின்னால் ஓடி, கடலோர ரயிலின் தண்டவாளத்தில் — ரயில்காரர் ஊதியிருக்கிறார். அவள் காதில் டாக்ஸிக் குரல்தான் இருந்திருக்கும்.

உயிர் இருக்கிறது. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு.

சூப் கொதிக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன்.

புகார் ஐந்து நாள் என் தட்டில் இருந்தது.

செப்டம்பர் 28, வியாழன்

ஸி ஹமாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உரிமம் இருக்கா?"

"இல்ல."

"டாக்ஸிக்கு?"

"நாமதான் குடுத்தோம்."

"அப்ப யாரு யாருக்கு இடைஞ்சல் பண்றாங்க? நீயே சொல்லு."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "உரிமம் பெறாத கருவி, உரிமம் பெற்றவரிடமிருந்து பாதுகாப்புக் கோர இயலாது, அவருக்கு இடையூறாக இருக்கவும் கூடாது." 2001-இல் அந்த வாக்கியத்தை வரைந்தது நான். எத்தனை முறை திருத்தி எழுதினேன்! அழகான வாக்கியம் என்று பாராட்டும் கிடைத்தது.

பள்ளிக்கு ஒரு கடிதம் போக வேண்டுமாம்: கருவிகளை உடனே அணைக்கவும், தவறினால் பறிமுதல். பிரிவுத் தலைவர் என்ற முறையில் கையெழுத்து என்னுடையது.

"பிள்ளைக்காக எனக்கும் வருத்தம்தான் ரவுதா," என்றார் ஸி ஹமாதி. பொய் இல்லை. அவருக்கும் பேத்தி இருக்கிறாள்.

செப்டம்பர் 30, சனி

ஆகஸ்ட் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஆரம்பம் ஆகஸ்ட் 7, முடிவு 19. தினமும் காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. இரண்டு வாரமும் வரைபடத்தில் ஒரே நேர்கோடு.

ஆகஸ்ட். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த மாதம்.

எனக்குத் தெரியாதா? என் மகன் அந்த மாதம் முழுக்க கடற்கரையில்தானே கிடந்தான்! ஆனால் வண்டி ஆகஸ்டில் சும்மா நின்றது, அறிக்கையும் சீக்கிரம் வேண்டியிருந்தது — அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

பெஷீரைக் கேட்டேன். "நான் அப்பவே சொன்னேனே மதாம். ஆகஸ்ட்ல ஊரே கடலுக்குப் போயிருது, யாரைக் கேக்கறதுன்னு."

சொன்னான். நகைச்சுவை என்று நினைத்தேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போனேன். அந்த அலைவரிசையைக் கொடுத்தது எந்த அலுவலகம் என்று யுஸ்ராவின் அம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றுதான் போனேன். சொன்னேன்.

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"எட்டு வருஷம் மதாம். என் புள்ள ஒரு குரலையாவது அடையாளம் கண்டுக்கணும்னு எட்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். அன்னிக்குக் கண்டுக்கிட்டா. 'அப்பா கூப்பிட்டாரு, எனக்குக் கேட்டுச்சு'ன்றா. இன்னமும் அதையேதான் சொல்றா. அது அப்பா இல்லன்னு நான் எப்படிச் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

யுஸ்ரா தூங்கிக்கொண்டிருந்தாள். கால் கட்டோடு மேலே தொங்கியது. மேசையில் அந்தப் பெட்டி, ஒயர் சுற்றி வைத்திருந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

அலுவலகத்துக்கு ஒரு ஆள் வந்தான். நாற்பது வயதிருக்கும், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. லஸ்ஸாத், டாக்ஸி ஓட்டுநர்.

"மதாம், பசங்க பேசிக்கிறாங்க. அது என் குரல்னு. நெசமா?"

நேரத்தையும் வாசகத்தையும் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எதிர் வீட்டுச் சவாரி. அந்தம்மா எறங்கி வரல. சாதாரணமா ஹாரன் அடிப்பேன். அது பள்ளிக்கூடம்னு எனக்குத் தெரியும் மதாம், முடியாத பிள்ளைங்க படிக்குதுங்கன்னும் தெரியும். சத்தம் போட வேணாமேன்னுதான் — அதுக்காகத்தான் ரேடியோல ஆபீசுக்குச் சொன்னேன், போன் பண்ணிக் கூப்பிடட்டும்னு."

தொப்பியை மேசையில் வைத்தான்.

"அந்தப் பாழாப்போன ரேடியோவ எனக்கு யாரு குடுத்தாங்க?" என்றான். கோபமாக இல்லை, தன்னையே கேட்பது போல.

"நான்," என்றேன்.

அக்டோபர் 9, திங்கள்

பள்ளிக்கான கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தேன்: ஆகஸ்ட் அளவீடு செல்லாது, தேதியைத் தேர்ந்தவள் நான், உரிமத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

ஸி ஹமாதி இரண்டு முறை படித்தார். "இது ஒதுக்கீட்டுக் கமிட்டிக்குப் போனா, அரசாங்கம் தப்பு பண்ணிச்சுன்னு அர்த்தம்."

"நான் தப்பு பண்ணேன்னுதான் எழுதியிருக்கேன்."

"அந்த நாற்காலில உக்காந்தா 'நான்'னு ஒரு ஆளு கிடையாதும்மா. நீ சொன்னா அது தேசம் சொன்னது."

"அப்ப தேசம் தப்பு பண்ணிருச்சு ஸி ஹமாதி."

இதை நானா சொன்னேன்? பதினாறு வருட வேலையில் அந்த அறையில் குரல் உயர்த்தியதில்லை. அவர் பேனாவை மூடினார். "பதினெட்டாம் தேதி கமிட்டி. வேண்டாம்னு தோணுச்சுன்னா அதுக்குள்ள திருப்பி வாங்கிக்க."

அக்டோபர் 14, சனி

திருப்பி வாங்கவில்லை. தூக்கமும் இல்லை.

அக்டோபர் 18, புதன்

கமிட்டி. ஏழு பேர், எல்லோருக்கும் நோன்புக் களைப்பு. டாக்ஸி முதலாளி வழக்கறிஞரோடு வருவார், உரிமக் கட்டணத்தையும் நட்டஈட்டையும் பேசுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். தனியாக வந்தார். முகம் கடுகடுவென்று.

"எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்கன்னு தெரியல," என்றார். "என் ரேடியோதான் பத்து நாளா பகல்ல வேலையே செய்யலியே."

கமிட்டித் தலைவர் நிமிர்ந்தார். கருவி பழுதா?

"பழுது ஒண்ணும் இல்ல. என் நாற்பத்திரண்டு ஓட்டுநரும் பள்ளிக்கூட நேரத்துல அதை அணைச்சிடறானுங்க. லஸ்ஸாத்னு ஒருத்தன் வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்கான். வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னேன், எல்லாரும் சாவிய மேசைல வச்சிட்டானுங்க. நான் என்ன பண்றது? வேற அலைவரிசை குடுங்க, இல்ல பணத்தத் திருப்பிக் குடுங்க."

நான் வரைந்த விதி எழுபது பக்கம். அதில் எந்தப் பக்கத்திலும் இப்படி ஒன்று நடக்குமென்று எழுதியிருக்கவில்லை.

இரண்டு மணி நேரத்தில் முடிவு. டாக்ஸிக்கு, நூற்று எழுபத்து மூன்றுக்குக் கீழே வேறு துண்டு. ஹோட்டல் குழு தன்னிடமிருந்த பழைய துண்டைத் திருப்பிக் கொடுத்திருந்ததால் இடம் இருந்தது. தேசிய ஒதுக்கீட்டு அட்டவணையில் நூற்று எழுபத்து மூன்றுக்கு எதிரே புதிதாக ஒரு வரி: செவித்துணைக் கருவிகள், முதல் உரிமை. ராணுவத்துக்கு இருக்கிற அதே சொல்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. கவனக்குறைவு, பிரிவுத் தலைமையிலிருந்து நீக்கம், அளவை வண்டிக்கு மாற்றம்.

"ஏத்துக்கறியா?" என்றார் ஸி ஹமாதி.

ஏற்றுக்கொண்டேன். தண்டனை குறைவு என்றுதான் தோன்றியது.

அக்டோபர் 25, புதன்

பெருநாள். யுஸ்ராவின் அப்பா வந்துவிட்டாராம், மதாம் ஜலீலா சொன்னார். அவர் பேசினால், அன்று கேட்ட குரல் இது இல்லை என்று அவள் பெட்டியைக் கழற்றிவிடுகிறாளாம்.

டிசம்பர் 11, திங்கள்

பெஷீரோடு ஹல்குல்வாதிக்கு. பள்ளி நேரம் முழுக்கக் கேட்டோம்: ஆசிரியைகளின் குரல் தவிர வேறொன்றும் இல்லை. பதிவேட்டில் எழுதினேன்.

யுஸ்ரா ஊன்றுகோலோடு வந்திருக்கிறாள். உள்ளே போகலாமா என்று மதாம் ஜலீலாவைக் கேட்டேன்.

முன் பெஞ்சில் இருந்தாள். பெட்டியை மார்பில் மாட்ட விடுவதில்லை. கையில் பிடித்திருக்கிறாள், விரல் விசையின் மேல். அவளே வைத்துக்கொண்ட ஒழுங்கு அது, யாரும் சொல்லித் தரவில்லை என்றார் ஆசிரியை. முதலில் பேசுகிறவர் யார் என்று பார்ப்பாள். முகத்தை, வாயை, கழுத்தில் ஒலிவாங்கி இருக்கிறதா என்பதை. பிறகுதான் விசையைப் போடுவாள். ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பினால் உடனே அணைத்துவிடுவாள்.

ஆசிரியை ஒலிவாங்கியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

யுஸ்ரா என்னை வெகுநேரம் பார்த்தாள். விசை சொடுக்கும் சத்தம் கேட்டது.

"என் பேரு ரவுதா," என்றேன்.

தலையாட்டினாள். அடுத்த வார்த்தைக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.