நூலக சர்வர்களின் சுவிட்ச் பெட்டி இரவல் போனது குறித்து

அனுப்புநர்:
உறுப்பினர் எண் 417,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கிளை நூலகம்.

பெறுநர்:
தலைமை நூலக அலுவலர் அவர்கள்.

பொருள்: மூன்று சர்வர்கள் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவதும், அதனால் எனக்கு விடுமுறைக்குப் புத்தகம் கிடைக்காததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்பதை எங்கள் நூலகத்தில் மூன்று சர்வர்கள் சேர்ந்து நினைவில் வைக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு நெட்வொர்க் அட்டைகள் உண்டு. முதல் அட்டை கவுண்டருக்கு. இரண்டாவது அட்டை, மூன்று சர்வர்களும் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டுக்கொள்வதற்கு. இரண்டாவது அட்டைகளின் ஒயர்கள் ஒரு சிறு சுவிட்ச் பெட்டியில் சேர்கின்றன. சேர்ந்தன என்று எழுதுவதே சரி.

2. எங்கள் நூலகர் அக்கா கேட்டவருக்கு இல்லை என்று சொல்லமாட்டார்; பதியாமல் எதையும் கொடுக்கவும் மாட்டார். குடை, முக்காலி, சுவர்க் கடிகாரம் எல்லாம் எண் ஒட்டி இரவல் போயிருக்கின்றன. எதிர்க்கடை ஜெராக்ஸ் மாமா தன் சுவிட்ச் பெட்டி புகைந்துவிட்டதாக வந்து நின்றபோது, எந்தக் கவுண்டருக்கும் போகாமல் சும்மா கண்சிமிட்டிக்கொண்டிருந்த எங்கள் பெட்டியைக் கழற்றி, பதினான்கு நாள் கெடுவில் கொடுத்துவிட்டார்.

3. அன்று முதல் ஒவ்வொரு சர்வரும் மற்ற இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பி, தனியாகக் குடும்பம் நடத்துகிறது. ஓர் உறுப்பினருக்கு ஒரு நேரத்தில் மூன்று புத்தகங்களே; என்னிடமிருந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்தேன். அது ஒரு சர்வருக்கு மட்டுமே தெரியும். "ரெண்டு பேர் இல்லைங்கறாங்க, ஒருத்தர்தான் ஆமாங்கறாரு. நான் யார் பக்கம் நிக்கிறது பாப்பா?" என்று அக்கா கேட்கிறார். புத்தகங்கள் அவருக்குப் பின்னால் அலமாரியில்தான் இருக்கின்றன.

4. ஜெராக்ஸ் மாமாவிடம் சென்று பெட்டியைக் கேட்டேன். "நேத்துதான் புதுப்பிச்சேன். தேதிச் சீட்டைப் பாரு, இன்னும் பதிமூணு நாள் இருக்கு" என்றார். எங்கள் விடுமுறை பன்னிரண்டு நாள். திங்களன்று தொடங்குகிறது; பெட்டி வருவதற்குள் பாதிக்கு மேல் போய்விடும்.

5. சர்வர்களை அமைத்துத் தந்த கணினி அண்ணனிடம் விசாரித்தேன். பெட்டி திரும்பி வரும்வரை, முதல் அட்டை வழியாகவே சர்வர்கள் ஒப்பிட்டுக்கொள்ளும்படி மாற்றலாமாம். "எழுத்துல ஆர்டர் வந்தா அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

6. வேறு வழியின்றி, பெட்டியை என் பெயரில் முன்பதிவு செய்யக் கோரினேன். அந்தக் கோரிக்கை, பெட்டி இரவல் போனதே தெரியாத மூன்றாவது சர்வரிடம் போயிருக்கிறது. அது பெட்டி அலமாரியில் இருப்பதாக நினைத்து, உடனே எனக்கு வழங்கிவிட்டது. இப்போது அக்கா, "முதல்ல அந்தப் பெட்டியைக் கொண்டுவா, அப்புறம் புத்தகம் பேசலாம்" என்கிறார்.

ஆகவே, கணினி அண்ணனுக்குத் தாங்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் ஆணையிட்டு, விடுமுறைக்கு மூன்றே மூன்று புத்தகங்கள் எனக்குக் கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சுவிட்ச் பெட்டி என் கைக்கு வந்து சேர்ந்த மறுநிமிடமே அதைத் திருப்பித் தந்துவிடுவேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

இடம்: வாசிப்பறை, ஜன்னலோர மேசை
நாள்: புதன்கிழமை, பள்ளி விட்ட பின்

இப்படிக்கு,
கையில் எதுவும் இல்லாத,
(ஒப்பம்) உறுப்பினர் எண் 417