அஸரியாவுக்காக முப்பது அத்தியாயம்

திங்கள், ஹெஷ்வான் மாதம் 3

இன்று ரிப்பேர் மூன்று வாஷிங் மெஷின், ஒரு டிரையர். கடைசி வீடு கதமோன் பேட்டையில் நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. முதுகு போய்விட்டது.

மத்தியானம் தம்பி அஸரியா போன் செய்தான். எடுக்கவில்லை. ஆறு வருஷமாக எடுத்ததில்லை, இன்று மட்டும் என்ன?

செவ்வாய், ஹெஷ்வான் 4

அஸரியா இறந்துவிட்டான். காலையில் வேதப் பாடசாலைக்குக் கிளம்பியவன், சட்டையில் ஒரு கையை மாட்டியபடியே விழுந்தானாம். மாரடைப்பு. நாற்பத்தொன்பது வயது.

இரண்டு மணிக்கெல்லாம் அடக்கம் முடிந்துவிட்டது. துக்க வழக்கப்படி என் சட்டையைக் கழுத்தருகே கிழித்தார்கள். இறந்தவருக்கான ஜெபத்தை நான்தான் சொன்னேன். யாரோ சொல்வது போல் கேட்டது.

வியாழன், ஹெஷ்வான் 6

ஏழு நாள் துக்கம், அவன் வீட்டில். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருக்கிறார்கள். தரையோடு ஒட்டிய ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால் கடுக்கிறது. ஆட்கள் வருகிறார்கள், அவித்த முட்டையும் பருப்பும் கொண்டு வருகிறார்கள், அவன் எப்படிப்பட்ட படிப்பாளி என்று என்னிடமே சொல்கிறார்கள். நான் பதினாறு வயதில் பாடசாலையை விட்டு ஓடியவன். தலையை ஆட்டுகிறேன். வேறென்ன செய்ய?

சும்மா உட்கார முடியவில்லை. எழுந்து போய் அவன் அலமாரியிலிருந்து ஒரு வேதப் புத்தகத்தை எடுத்தேன். அந்தத் தெரு யூதர்களின் குரு, ரப்பி, சின்ன வயது, ஓடி வந்தார். "வேண்டாம் எல்யாகிம். ஏழு நாளும் துக்கக்காரர் தோரா படிக்கக் கூடாது. படிப்பு மனசுக்குச் சந்தோஷம் குடுத்துடும். துக்கச் சட்டம் வேணும்னா படிங்க."

முப்பத்தெட்டு வருஷம் தொடாத மனுஷன் தொட வந்த அன்றைக்குத் தடை!

சாயங்காலம், கூட்டம் குறைந்த பிறகு, அவன் மனைவி சிப்போராவிடம் கேட்டே விட்டேன். "திங்கக்கிழமை போன் பண்ணினானே. எதுக்கு?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "வாஷிங் மெஷின் நின்னுபோச்சு. 'அண்ணனைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைச்சிருச்சு, இதுக்காவது வருவான் பாரு'ன்னு சிரிச்சார். வேற ஆளைக் கூப்பிட விடமாட்டேன்னுட்டார்."

குளியலறையில் அந்த மெஷினைப் போய்ப் பார்த்தேன். உள்ளே ஈரத் துணி அப்படியே கிடந்தது. வாடை. துக்கத்தில் வேலை செய்யக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஞாயிறு, ஹெஷ்வான் 9

வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். முப்பதாம் நாளுக்குள் ரப்பிகளின் வாய்மொழிச் சட்ட நூல் முழுவதையும் ஆளுக்கொரு பகுதியாகப் பங்கிட்டுப் படித்து முடிக்க வேண்டும், அஸரியாவின் ஆத்மாவுக்காக. எல்லா வரியிலும் பெயர் இருக்கிறது. ஒன்றில் மட்டும் இல்லை: பாத்திரங்களின் தீட்டு. முப்பது அத்தியாயம்.

என் பெயரை எழுதினேன். பேனாவைக் கீழே வைப்பதற்குள் பின்னாலிருந்து சிரிப்பு. மெனஷே. சந்தையில் ஊறுகாய்க் கடை வைத்திருப்பவன். பதினொரு வருஷம் அஸரியாவோடு ஜோடியாக உட்கார்ந்து படித்தவன்.

"யோவ், எல்லாரும் ஏன் அதை விட்டுட்டுப் போனாங்கன்னு தெரியுமா? இருக்கறதிலேயே கஷ்டமானது அதுதான். உன் தம்பியே அதைக் கண்டா ஓடுவான்."

"நான் படிப்பேன்."

"நாளைக்குத்தான் துக்கத்திலேர்ந்து எழுந்திருக்கப்போறே. மிச்சம் இருபத்து மூணு நாள். எழுத்துக் கூட்டிப் படிப்பியா?"

"உன் கடையை எப்ப திறப்பே?"

"எட்டுக்கு."

"ஆறுக்கு வரேன்."

அவன் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றான். அஸரியா போனபின் அவனுக்கும் காலை ஆறு மணிக்குப் போக இடமில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

திங்கள், ஹெஷ்வான் 10

ஏழு நாள் முடிந்தது. எழுந்து தெருவை ஒருமுறை சுற்றி வந்தோம், வழக்கப்படி. நேரே குளியலறைக்குப் போய் மெஷினைத் திறந்தேன். பம்ப்பில் ஒரு சட்டைப் பொத்தான் மாட்டியிருந்தது. பத்து நிமிஷ வேலை.

பத்தே நிமிஷம்!

புதன், ஹெஷ்வான் 12

மூன்று அத்தியாயம் முடிந்தது. ஒன்றும் புரியவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், பொய். கொஞ்சம் புரிகிறது. களிமண் பாத்திரம் உட்புறத்தால்தான் தீட்டுப்படும். ஒருமுறை பட்டால் கழுவிப் போக்க முடியாது. உடைக்கத்தான் வேண்டும். சரி, எவ்வளவு உடைந்தால் உடைந்தது? எவ்வளவு பெரிய ஓட்டை? எண்ணெய் ஒழுகினால் போதுமா, ஆலிவ் விழ வேண்டுமா?

"வாஷிங் மெஷின்ல ஓட்டை டிரம்மும் டிரம்தான், துணி நிக்குதில்ல" என்றேன். மெனஷே மேசையைத் தட்டினான். "இதைத்தான் கேக்கறாங்க! எதுக்கு வெச்சிருக்கே அந்தப் பாத்திரத்தைன்னு!" உப்புநீர் வாளிக்கும் வெள்ளரிக்காய்க்கும் நடுவே கத்திக்கொண்டோம். சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு ரப்பி சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கு என்ன சந்தோஷம்?

திங்கள், ஹெஷ்வான் 17

பத்து. வேலைக்கு மத்தியானம்தான் போகிறேன். வேனிலும் புத்தகம். ஒரு அம்மாள் வீட்டில் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏழாம் அத்தியாயத்தை நினைத்து நின்றேன். "ஏன் தம்பி, செத்துப்போச்சா?" என்றாள், மெஷினைத்தான். மோட்டாரைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தேன்.

படிப்பை நிறுத்த முடியவில்லை. படிக்காத நேரம் எல்லாம் அந்த ஈரத் துணியின் வாடை மூக்கில் வருகிறது.

புதன், ஹெஷ்வான் 19

பதினான்கு. மனைவி ஒஸ்னாத் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள். "செத்தவனுக்கு விடியறதுலேர்ந்து நேரம் இருக்கு. உயிரோட இருக்கற பொண்டாட்டிக்கு ஒரு வாய் பேச நேரமில்ல. இது படிப்பு இல்ல, எல்யாகிம். ஒளிஞ்சுக்கற."

"துக்கத்துல இருக்கேன்."

"நானும்தான். எனக்கும் அவன் கொழுந்தன்தான். நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான்.

வெள்ளி, ஹெஷ்வான் 21

சாயங்காலம் சப்பாத் ஓய்வுநாள் தொடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

மகள் ஹதாஸ் காலையில் குப்பே என்ற கறியுருண்டை போட்ட சூப் எடுத்து வந்தாள். தாடி வளர்ந்த என் முகத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நானே ஆரம்பித்தேன். உன் கல்யாணத்துக்கு அஸரியா வராதது தப்புதான், ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடுவாங்கன்னு கடிதாசி எழுதிட்டு வீட்டுல உட்கார்ந்தான், மேடையில் என் பக்கத்து நாற்காலி காலி, உனக்காகத்தான் நான் ஆறு வருஷம்—

"அப்பா, நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"சித்தப்பா என்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. நாலு வருஷம் முன்னாடி. வீட்டுக்கே வந்தார், வாசல்ல நின்னு அழுதார். நான் உள்ளே கூப்பிட்டேன். அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை வருவார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்கிட்டயும் பேசமாட்டீங்களோன்னு பயம்."

ஒஸ்னாத்தைப் பார்த்தேன். அவள் பாத்திரம் தேய்க்கத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் தெரியும்! எல்லோருக்கும் தெரியும். நான் ஒருத்தன் மட்டும் ஆறு வருஷமாக, முடிந்துபோன சண்டைக்குக் காவல் இருந்திருக்கிறேன். யாருக்காக? ஹதாஸ் கேட்டாளா? ஒரு நாளாவது கேட்டாளா?

புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். தோராப் புத்தகத்தை. ஹதாஸ்தான் எடுத்து முத்தமிட்டு மேசையில் வைத்தாள்.

திங்கள், ஹெஷ்வான் 24

போகவில்லை.

புதன், ஹெஷ்வான் 26

போகவில்லை. அஸரியா மேல் கோபம். போனில் சொல்ல வேண்டியதுதானே, கடிதம் எழுத வேண்டியதுதானே. எடுக்காத போனில் எப்படிச் சொல்வான் மடையா?

வெள்ளி, ஹெஷ்வான் 28

காலை ஆறேகாலுக்குக் கதவு இடிபட்டது. மெனஷே, கையில் ஊறுகாய் டப்பா.

"உடம்பு சரியில்லையா?"

"கோபம்."

"கோபம்னா படிக்க முடியாதா? உன் தம்பியும் நானும் பதினோரு வருஷத்துல பாதி நாள் கோபத்துலதான் படிச்சோம். ஒரு தடவை அவன் என்னைக் கழுதைன்னான். மறுநாள் ஆறுக்கு வந்துட்டான். நானும் வந்துட்டேன். கழுதைங்கறதை அவன் வாபஸ் வாங்கவே இல்ல."

சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை, அடக்கத்திலும் வராதது. மெனஷே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எங்கள் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் ஆள் இல்லய்யா. நீ வராத அஞ்சு நாளும் எதிர் நாற்காலிகிட்ட விளக்கிட்டு இருந்தேன்" என்றான்.

அங்கேயே, சமையலறையில், பதினெட்டாம் அத்தியாயத்தைத் திறந்தோம். ஒஸ்னாத் டீ வைத்தாள். நான் எழுந்து போய் அவளுக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தேன். அஸரியாவைப் பற்றிக் கேட்டேன். சமாதானம் பேச அவன் அவளிடம் எத்தனை முறை வந்தான் என்று சொன்னாள். நான் குறுக்கிடவில்லை. மெனஷேவும் அன்றைய பாடத்தில் மூன்று பக்கம் தள்ளிப்போக விட்டுக்கொடுத்தான்.

புதன், கிஸ்லேவ் மாதம் 4

முப்பதாம் நாள். சிப்போராவின் வீட்டில் நாற்பது பேர். ரப்பி தாளைப் படித்தார். ஒவ்வொருவரும் "முடிச்சாச்சு" என்றார்கள். என் முறை வந்தது.

"இருபத்தாறு. நாலு பாக்கி." என்றேன். "அஞ்சு நாள் அவன்மேல கோவிச்சுக்கிட்டுப் போகல. செத்தவன்மேலயும் கோவிச்சுக்கிட்டேன். அதான் முடியல."

சிப்போராதான் பேசினாள். "அவர்மேல நானும்தான் கோபமா இருக்கேன். சட்டைகூட முழுசாப் போடாம போயிட்டார். இருபத்தேழு எனக்குக் குடுங்க."

இருபத்தெட்டை மெனஷே எடுத்தான். இருபத்தொன்பதை ஹதாஸ், கை தூக்கி, பள்ளிக்கூடத்தில் போல. பெண்களா என்று ஒரு கிழவர் முனகினார். ரப்பி தாளில் இரண்டு பெயரையும் எழுதிக் காட்டினார். முப்பதை என்னிடமே விட்டார்கள். சுவரோரமாக நால்வரும் நின்று ஒரே நேரத்தில் படித்தோம். அரைமணி நேரம் மற்றவர்கள் காத்திருந்தார்கள், சோறு ஆறியது. முடித்ததும் ஜெபம் சொன்னேன். இந்த முறை என் குரல்தான்.

ஞாயிறு, கிஸ்லேவ் 8

துக்கத் தாடியைச் சவரம் செய்தேன். கன்னம் குளிர்கிறது.

செவ்வாய், கிஸ்லேவ் 17

ஹதாஸும் மெனஷே கடைக்கு வருகிறாள், வாரம் இரண்டு நாள். "ஆறு மணியெல்லாம் மனுஷங்க எழுந்திருக்கற நேரமா?" என்று சண்டை போட்டு ஆறரை ஆக்கிவிட்டாள். வேறு பகுதி தொடங்கியிருக்கிறோம், ஆசீர்வாதங்களைப் பற்றியது.

இன்று இரண்டாவது சட்டத்தில் அவளுக்கும் எனக்கும் பலத்த வாக்குவாதம். சித்தப்பா இப்படித்தான் விளக்குவார் என்றாள் அவள். தவறு என்றேன். மெனஷே இரண்டு பேரையும் பேச விட்டு மிளகாய் கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அஸரியா சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. "சரி, அவன் கெட்டிக்காரன்" என்று ஒத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

சந்தை முனை தாண்டி வேனை எடுக்கும்போதுதான் கவனித்தேன், அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன்.